வாசகர் கேள்வி – பதில்: ஃபுட் கலர் தூளை எப்படிக் கையாள்வது?

சாப்பிடுகிற கலர்தானே, டப்பாவைத் திறக்கும்போது கொஞ்சம் மூக்கில் ஏறினால் என்ன ஆகிவிடும்? மாஸ்க் போடு, மாஸ்க் போடு என்று வீட்டுக்காரர் ஒரே ரகளை.

இதில் நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். ஒரு கலரை அனுமதிக்கும் முன் அதை எவ்வளவு சாப்பிடலாம் என்றுதான் பார்க்கிறார்கள், மூச்சில் எவ்வளவு இழுக்கலாம் என்று அல்ல. வயிற்றுக்குப் போவது ஒரு வழி, நுரையீரலுக்குப் போவது இன்னொரு வழி. கார்மைன் என்ற சிவப்பையே எடுத்துக்கொள்ளுங்கள் (லேபிளில் இ120 என்று இருக்கும், கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுப்பது). இதன் தூளோடு வேலை பார்த்த தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது மருத்துவப் பதிவுகளிலேயே இருக்கிறது. பூச்சியின் புரதம் கொஞ்சம் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். வீட்டில் மாதத்துக்கு ஒருமுறை சிட்டிகை எடுப்பவருக்கு அவ்வளவு ஆபத்து இல்லை என்பது உண்மைதான், ஆனால் ஆஸ்துமாவோ தும்மல் அலர்ஜியோ உள்ளவர் என்றால் என்95 மாஸ்க் போடாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

திறக்கிற விதத்திலும் விஷயம் இருக்கிறது. ஃபேனை அணைத்துவிட்டு, டப்பாவை மேடையில் ஒரு தட்டு தட்டி, மூடியில் ஒட்டியிருக்கும் தூள் கீழே இறங்கட்டும் என்று அரை நிமிடம் விட்டு, அப்புறம் மெதுவாகத் திறங்கள். தண்ணீரில் தூளைக் கொட்டினால் பறக்கும், அதனால் முதலில் தூளில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டு பிறகு மீதித் தண்ணீரைச் சேருங்கள்.

தூள் கல் மாதிரி கட்டி தட்டிவிட்டது. ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தேன்! தூக்கிப் போட வேண்டியதா?

கட்டி தட்டியதற்கு அந்த ஃப்ரிட்ஜே காரணமாக இருக்கலாம். குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்த கையோடு திறந்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே போய்த் தூளின் மேல் பனித்துக்கொள்ளும். தண்ணீரில் கரையும் செயற்கைக் கலர்கள் பெரும்பாலும் சோடியம் உப்புகள். கடையில் கிடைக்கும் தூளில் அளவைக் கூட்டிக்காட்ட உப்போ சர்க்கரையோ மாவுப்பொருளோ கலந்திருப்பதும் உண்டு. இதெல்லாம் ஈரத்தை இழுக்கும். இன்னொரு பழக்கமும் பலருக்கு இருக்கிறது: ஆவி பறக்கிற பாத்திரத்துக்கு நேர் மேலே டப்பாவைப் பிடித்துத் தட்டுவது. அந்த ஒரு தடவையில் உள்ளே போகும் ஆவி போதும், அடுத்த மாதம் ஸ்பூன் இறங்காது.

தூக்கிப் போட அவசியமில்லை. பூஞ்சையோ புது வாசனையோ இல்லாமல் வெறுமனே இறுகியிருந்தால் செயற்கைக் கலர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் ஸ்பூன் கணக்கு இனிமேல் பொய்யாகிவிடும், அதனால் எடைபோட்டுக் கரைத்து, வடிகட்டிப் பயன்படுத்துங்கள். இயற்கைக் கலர் கட்டி தட்டினால் நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

இனி வைக்க வேண்டிய இடம்: அடுப்பிலிருந்தும் ஜன்னல் வெயிலிலிருந்தும் தள்ளி, ஒரு மூடிய அலமாரி. காற்றுப் புகாத, வெளிச்சம் புகாத டப்பா. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதானால் உணவுக்கென்று விற்பதாக, கிழியாததாக இருக்கட்டும். லேபிளில் 'குளிரில் வைக்கவும்' என்றே எழுதியிருந்தால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஆனால் எடுத்தபின் டப்பாவின் வெளிப்புறக் குளிர் போகும் வரை மூடியைத் தொடாதீர்கள்.

கண்ணாடி ஜாடியில் அழகாக அடுக்கி வைக்கலாமா?

அலமாரிக்குள் என்றால் சரி. வெளியே ஷோகேஸில் வைத்தால் மஞ்சளின் குர்குமின், பீட்ரூட் சிவப்பு, எரித்ரோசின் என்ற செயற்கைச் சிவப்பு எல்லாம் வெளிச்சத்திலேயே வெளுத்துப்போகும். முக்கியமாக, ஜாடி மாற்றும்போது பழைய லேபிளை வெட்டி ஒட்டுங்கள். பெயர், கலர் எண் (இ120 மாதிரி), தொகுதி எண், திறந்த தேதி இல்லாத சிவப்புத் தூள் யாருக்கும் பயன்படாது.

மேடையில் நீலத் தூள் கொட்டிவிட்டது, ஈரத்துணியால் துடைத்தேன், இப்போது மேடையே நீலம்.

எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்பு. நீர் பட்டால் ஒரு சிட்டிகை ஒரு குளமாகும். முதலில் உலர்ந்த டிஷ்யூவை மேலே வைத்து அழுத்தி, மடித்து எடுக்க வேண்டும், தேய்க்கவோ ஊதவோ பெருக்கவோ கூடாது. பெரும்பகுதி போனபின் ஈர டிஷ்யூ, அப்புறம் சோப்பு நீர். மிஞ்சுகிற கறைக்கு நீர்த்த ப்ளீச் பெரும்பாலான செயற்கைக் கலர்களை வெளுக்கும், ஆனால் வினிகரோ எலுமிச்சையோ ஏற்கெனவே தேய்த்திருந்தால் ப்ளீச் பக்கமே போகாதீர்கள், அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அமோனியா உள்ள கிளீனரோடும் சேர்க்கக் கூடாது.

கையில் பட்டது சோப்பில் முழுதாகப் போகாது, ஓரிரு நாளில் தோலோடு தானே போய்விடும். கண்ணில் விழுந்தால் மட்டும் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், அதன்பிறகும் எரிந்தால் மருத்துவரிடம் போங்கள்.

'ஒரு சிட்டிகை' என்பது எவ்வளவு?

அவரவர் விரலைப் பொறுத்தது, அதுதான் வம்பே. டார்ட்ராசின் மஞ்சளுக்கு ஒரு நாள் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை என்று சர்வதேச நிபுணர் குழு 2016-இல் வைத்தது. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 200 மில்லிகிராம், அதாவது கால் கிராம்கூட இல்லை. எரித்ரோசினுக்கோ கிலோவுக்கு வெறும் 0.1 மில்லிகிராம்தான், அதே குழந்தைக்கு 2 மில்லிகிராம். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாதபோது இதை எப்படி அளப்பது? கரைசலாக்குங்கள். ஒரு கிராமைத் துல்லியமாகக் காட்டும் நகைத் தராசு மாதிரியான சின்னத் தராசில் 1 கிராம் எடுத்து, கொதித்து ஆறிய நீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லி ஆக்கினால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் தூள். சிரிஞ்சில் எடுத்துவிடலாம், தூசியும் பறக்காது. தூள் மாதிரி இது மாதக்கணக்கில் தாங்காது, ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள். இந்தக் கணக்கைப் பார்த்தபின் டப்பாவைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

என் தூள் எவ்வளவு கலக்கினாலும் கரையவில்லை, போலியா?

'லேக்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சாயத்தை அலுமினியம் ஹைட்ராக்சைடில் ஏற்றிச் செய்வது அது, நீரில் கரையாது, கொழுப்பில் பரவும். சாக்லேட்டுக்கும் வெண்ணெய் க்ரீமுக்கும் அதுதான் சரி.

மினுமினு தூள் டப்பாவில் 'நச்சற்றது' என்று எழுதியிருக்கிறது. கேக் மேல் தூவலாமா?

கூடாது. நச்சற்றது என்பதும் உண்ணத்தக்கது என்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 2018-இல் ஒரு பிறந்தநாள் கேக்கில் பூசிய ரோஸ் கோல்டு தூளைச் சாப்பிட்ட குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள், விசாரித்தால் அது செம்புத் தூள். 2019-இல் இன்னொரு கேக் தூளில் ஈயம் இருந்தது. உட்பொருள் பட்டியலும் 'உண்ணத்தக்கது' என்ற சொல்லும் இல்லாத தூள் அலங்காரப் பொம்மைக்கு மட்டும்.

25 கிலோ மூட்டை வாங்கிச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து விற்கிறேன். அறை முழுக்கத் தூசி. பழகிவிட்டது, வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பழகிவிட்டது என்ற வார்த்தைதான் என்னைப் பயமுறுத்துகிறது. மூச்சு ஒரு பக்கம் இருக்கட்டும், காற்றில் அடர்த்தியாகப் பரவிய நுண்ணிய கரிமத் தூள் (மாவு, சர்க்கரை மாதிரி எரியக்கூடியது) ஒரு பொறிக்கு வெடிக்கும். 2015 ஜூனில் தைவானில் ஒரு நீர்ப் பூங்காவில் கூட்டத்தின் மேல் தூவிய வண்ண மக்காச்சோள மாவு தீப்பிடித்து 15 பேர் இறந்தார்கள், சுமார் 500 பேர் காயமடைந்தார்கள். உங்கள் தூளிலும் மாவுப்பொருள் கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அடுப்பு, சிகரெட், பொறி பறக்கும் பழைய சுவிட்ச், வெல்டிங் எதுவும் அந்த அறையில் வேண்டாம். தூசி எழும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்கும் எக்ஸாஸ்ட் வையுங்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வதை இன்றோடு நிறுத்துங்கள். சாதாரண வாக்குவம் கிளீனரும் சரிப்படாது, உள்ளேயே பொறி உண்டு, எரியும் தூசிக்கென்று வருவதை வாங்குங்கள். பரண், விளக்கின் மேல்பக்கம், பீம் இங்கெல்லாம் படிந்திருக்கிற கலரை ஏணி போட்டுப் பாருங்கள்.