வினையூக்கி உருளைகளின் நொறுங்கு வலிமை: சராசரி மட்டும் போதுமா?

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் நீங்கள், வேதிவினையை விரைவாக்கும் வினையூக்கிக்கான 30 அலுமினா (அலுமினியம் ஒட்சைட்டு) உருளைகளை, எவ்வளவு விசையில் நொறுங்கும் என்று பார்க்க நசுக்கியிருக்கிறீர்கள். ஒன்று 40 நியூட்டனில் உடைந்தது, இன்னொன்று 110 வரை தாங்கியது. பிழை எங்கே என்று கேட்கிறீர்கள்.

பிழை இல்லாமலும் இருக்கலாம். நொறுங்கும் பொருள் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஆகவே எண்கள் சிதறத்தான் செய்யும். 30 போதாது, 100 உருளைகளாவது நசுக்குங்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி: உலர்த்தினீர்களா? எங்கள் வன்னி விவசாயிகள் நெல்லைக் கடித்துப் பார்ப்பார்கள். காய்ந்தது 'டக்' என்று உடையும், ஈரமானது நசியும். உருளையின் நுண்துளைகளும் காற்றின் ஈரத்தை இழுக்கும். கார்த்திகை மழையில் மேசைமேல் திறந்து வைத்தால் உங்கள் எண்ணை நம்ப முடியாது. உருளைகளை ஒவ்வொன்றாக நசுக்கிச் சோதிப்பதற்கான ஏஎஸ்டிஎம் (அமெரிக்கத் தர அமைப்பு) டி4179 முறை, 400 பாகை செல்சியசில் குறைந்தது 3 மணி நேரம் சூடாக்கி, ஈரம் படாமல் ஆறவைக்கச் சொல்கிறது.

உருளையைப் படுக்கவைத்து, ஒரே சீரான வேகத்தில் அழுத்துங்கள். முந்தியதன் தூளைத் தட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுங்கள். பிதுக்கி வார்த்த நீள உருளையென்றால் விசையை நீளத்தால் வகுத்து, நியூட்டன்/மில்லிமீற்றரில் எழுத வேண்டும்.

சராசரியோடு மிகக் குறைந்த பெறுமானங்களையும் கட்டாயம் எழுதுங்கள். இந்த உருளைகளை நிரப்பி வினை நடத்தும் உலைக்கலனின் அடியில் முதலில் உடைவது பலவீனமானவைதான். அந்தத் தூள் இடைவெளிகளை அடைத்தால், அவற்றினூடே ஓடும் வாயு அல்லது திரவத்தின் அழுத்த இழப்பு ஏறிவிடும். உருளைகள் நிரம்பிய படுகை முழுவதும் எப்படித் தாங்கும் என்று அறிய, மொத்தமாக அழுத்தி 1% தூள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் டி7084 முறையே பொருத்தம்.