படிப்பகத்தில் சீட் காலியா? கேமரா இல்லாமல் எண்ணும் வழிகள்: கேள்வி பதில்

அண்ணாநகரில் ரீடிங் ரூம் நடத்துபவர்: சார், அறுபது சீட். எல்லாம் போட்டித் தேர்வுப் பிள்ளைகள். மேசைக்கு அடியில் பி.ஐ.ஆர். சென்சார் மாட்டினேன். ஆள் இருக்கும்போதே "காலி" என்கிறது.

சென்சார் மேல் தப்பில்லை. பி.ஐ.ஆருக்கு உடல் சூடு நகர்ந்தால்தான் தெரியும். உங்கள் பிள்ளைகளோ ஒரே பக்கத்தை அரைமணி நேரம் வெறிப்பவர்கள். கழற்றிவிட்டு வாசலுக்கு வாருங்கள். நிலைக்கு மேலே விஎல்53எல்1எக்ஸ் என்ற தூரம் அளக்கும் சென்சார் ஒன்று போதும், நகத்தைவிடச் சின்னது. 940 நானோமீட்டர் ஒளியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும். ஒளியை வாங்கும் அதன் 16×16 புள்ளிகளை வெளிப்பாதி, உள்பாதி என்று பிரித்துவிடுங்கள். எந்தப் பாதியில் தூரம் முதலில் குறைகிறதோ, அதை வைத்து ஆள் வருகிறாரா போகிறாரா என்று தெரிந்துவிடும். முகம் கிடையாது, பெயர் கிடையாது. இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு நுழைந்தால் ஒன்றென்று எண்ணும். அந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகும், ராத்திரி பூட்டும்போது பூஜ்யமாக்கிவிடுங்கள்.

மதுரையிலிருந்து: 64 புள்ளி வெப்ப சென்சார் எப்படி?

முகம் தெரியாது, நல்லதுதான். ஏசி அறையென்றால் போடுங்கள். சித்திரை மாதம் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் சுவரும் மனுஷனும் ஏறக்குறைய ஒரே சூடு.

கோவை: கார்பன் டை ஆக்சைடு அளந்து?

ஜன்னலைத் திறந்தால் போச்சு.

திருச்சி: பி.ஐ.ஆர். போட்டேன், ஆள் இருந்தும்...

முதல் பதில்.

மென்பொருள்காரர்: எதற்கு இத்தனை வன்பொருள்? வைஃபையில் போன்களின் மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு போனின் வைஃபை அடையாள எண்ணை, எண்ணலாமே. அதை ஹாஷ் செய்துவிட்டால், அதாவது நேராகத் திருப்ப முடியாத குறியீடாக மாற்றிவிட்டால், தனியுரிமையும் ஆச்சு.

ஆகவில்லை தம்பி. மேக் 48 பிட். முன்பாதி தயாரிப்பாளர் எண், அது ஊருக்கே தெரிந்த பட்டியல். ஒரு தயாரிப்பாளர் எண்ணுக்கு மிச்சம் சுமார் 1.68 கோடி வாய்ப்புகள். ஒவ்வொன்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட உங்கள் லேப்டாப்புக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட வேண்டாம்.

அவரே: உப்பு, அதாவது கூட ஒரு ரகசிய எழுத்துக்கோவை, சேர்த்து ஹாஷ் செய்தால்?

உப்பு ஜாடி யார் கையில்? உங்கள் கையில்தானே! தினமும் உப்பை மாற்றி, பழையதை அழித்துவிட்டால் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உங்கள் வைஃபையில் சேராத புதுப் போன்கள் மேக்கை மாற்றிக்கொண்டே இருக்கும். ஐ.ஓ.எஸ். 8, ஆண்ட்ராய்டு 8 வந்ததிலிருந்தே இந்தக் கூத்து. ஒரே போன் ஐந்தாறு ஆளாகத் தெரியும்.

சேலம்: பி.ஐ.ஆரில், அசைவு நின்றபின் "காலி" என்று சொல்லக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைத்தால்?

எழுந்து போனவரும் உட்கார்ந்திருப்பார். முதல் பதிலைப் படியுங்கள், ஐயா.

ஒரு மாணவி: எங்கள் படிப்பகத்தில் சொல்லாமலே மேசைக்கு அடியில் ஏதோ பெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கேட்டால் "வெப்பம் மட்டும்தான்" என்கிறார்கள்.

2022-இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலும் இதையேதான் சொன்னார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் மேசைக்கடியில் இருந்த சென்சார்களைக் கழற்றி, அவற்றையே அடுக்கி "வேண்டாம்" என்று எழுதி வைத்தார்கள். நிர்வாகம் பின்வாங்கியது. ஒரே சீட்டில் தினமும் நீங்கள் உட்கார்ந்தால், அந்தப் பெட்டியின் கணக்கு உங்கள் வருகைப் பதிவேடுதானம்மா. என்ன பதிகிறது, எத்தனை நாள் வைக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மென்பொருள்காரர்: உப்பை மணிக்கொரு தரம் மாற்றினால்?

சமையலை நிறுத்துங்கள் தம்பி, வாசலுக்கு வாருங்கள்.