அப்பாவின் ஆறாத புண்ணுக்காக வைப்புத் தொகையை உடைக்கலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 66. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஐந்து மாதங்களுக்கு முன் வலது கால் பெருவிரலுக்கு அடியில் வந்த புண் இன்னும் ஆறவில்லை. வாரம் மூன்று முறை செவிலியர் வீட்டுக்கு வந்து கட்டு மாற்றுகிறார். ஒவ்வொரு முறையும் 500 ரூபாய் ஆகிறது. மருந்து, இன்சுலினுக்கு மாதம் 2,800 ரூபாய் தனி. அப்பாவுக்குக் காப்பீடு கிடையாது. நானும் கணவரும் சேர்ந்து மாதம் 62,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். சேமிப்புக் கணக்கில் 90,000 ரூபாய் இருக்கிறது. மகளின் கல்லூரிப் படிப்புக்காக 8 லட்சம் ரூபாயை வங்கியில் வைப்பாகப் போட்டிருக்கிறோம்; முதிர்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் உள்ளன. அதை உடைத்துவிடலாமா? அப்பாவுக்கு இப்போது புதிதாகக் காப்பீடு எடுக்கலாமா? எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் இந்தச் சோதனை என்று தோன்றுகிறது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பணத்தை எப்படி ஒதுக்குவது என்பதற்கான விடையும் அதில்தான் இருக்கிறது. இந்தச் சோதனை உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததல்ல. வாரணாசி வட்டாரத்தில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வு, ஆயிரம் பேரில் 4.5 பேருக்கு நாள்பட்ட புண் இருப்பதாகக் கண்டது. ஒரு வட்டாரத்தின் கணக்கு நாடு முழுவதற்கும் பொருந்திவிடாது என்றாலும், 140 கோடி மக்களுக்கு அதே விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் 63 லட்சம் பேர் வருகிறார்கள். அதற்குப் பிறகு சர்க்கரை நோய் எவ்வளவோ பரவிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வு முடிவுகளின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது; தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். சர்க்கரை நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வாழ்நாளில் ஒரு முறையேனும் காலில் புண் காண்கிறார்கள் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட மதிப்பீடு. பெரும்பாலான வீடுகளில் இதை வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இப்போது செலவின் குணத்தைப் பாருங்கள். பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை 2017-18இல் 38 லட்சம் பேரின் புண்களைக் கவனித்தது. ஆண்டுச் செலவு 830 கோடி பவுண்டு. அதில் 560 கோடி பவுண்டு ஆறாத புண்களுக்கே போனது. அதைவிட நமக்கு முக்கியமானது, மொத்தச் செலவில் 81 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே, அதாவது செவிலியர் வருகையிலும் கட்டு மாற்றுவதிலும் ஆகியிருக்கிறது என்பது. உங்கள் வீட்டுக் கணக்கும் இதுதான். கட்டுக்கு மட்டும் மாதம் 6,500 ரூபாய், மருந்தோடு சேர்த்து 9,300 ரூபாய், ஓராண்டு நீடித்தால் ஏறத்தாழ 1,12,000 ரூபாய். இது ஒரே நாளில் வந்து இடிக்கும் செலவல்ல. வீட்டு வாடகை போல மாதம் தவறாமல் வரும் செலவு. மாதச் செலவுக்காகப் பெரிய வைப்பை உடைத்தால், கையில் 8 லட்சம் இருக்கிறது என்ற தைரியத்தில் அது கரைந்துவிடும். ஆகவே வைப்பை உடைக்க வேண்டாம்; இதை மாதச் சம்பளத்திலிருந்தே கொடுத்து வாருங்கள்.

ஒருவேளை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், அந்த வைப்பின் பேரிலேயே வங்கியில் ஓவர்டிராஃப்ட், அதாவது வைப்பை உடைக்காமலே தேவையானபோது பணம் எடுக்கும் கடன் வசதி, பெறலாம். பொதுவாக 90 சதவீதம் வரை தருவார்கள்; வைப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிட 1 முதல் 2 சதவீதம் கூடுதலாக, எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி கட்டினால் போதும். இந்த வசதியை இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். நள்ளிரவில் காய்ச்சலோடு ஓடும்போது நகையை அடகு வைக்க ஆள் தேடும் நிலை வரக் கூடாது. 90,000 ரூபாயையும் முதல் இரண்டு நாள் செலவுக்கென்று தொடாமல் வைத்திருங்கள்.

மாதச் செலவைக் குறைக்கவும் வழி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு மாற்றுவதற்குக் கட்டணமில்லை. உங்கள் மருத்துவர் சம்மதித்தால், வாரத்தில் இரண்டு முறை அங்கே ஆட்டோவில் அழைத்துச் செல்லுங்கள். போக வர 100 ரூபாய் என்றாலும் மாதம் சுமார் 3,400 ரூபாய் மிச்சமாகும். ஆட்டோவில் கஞ்சம் பிடித்து அப்பாவை நடக்க விட்டுவிடாதீர்கள், புண்ணின் மேல் விழும் பாரம்தான் அதை ஆறவிடாமல் செய்கிறது. சர்க்கரை நோயாளிகளின் காலுக்கென்று மென்மையான ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திறந்த புண் இருக்கும்போது பல நிறுவனங்கள் விண்ணப்பத்தை ஏற்கத் தயங்கும். ஏற்றாலும், முன்பே உள்ள நோய்க்கு 36 மாதங்கள் வரை காத்திருக்கச் சொல்ல விதி இடம் தருகிறது. வழக்கமான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். விரலை எடுக்கும் ஆபரேஷனுக்குக் கிடைக்கும். விரலைக் காப்பாற்றும் கட்டுக்குக் கிடைக்காது. இது எனக்கு ஆண்டுகளாக உறுத்தும் விஷயம். யாராவது முகவர் சர்க்கரையை மறைத்து எழுதச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்பா தனிக் குடும்ப அட்டை வைத்திருந்து, அவருடைய குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களான பெற்றோரின் மருத்துவச் செலவில், வருமான வரியின் பழைய முறையில் 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடைக்காது, எனவே செவிலியருக்கும் யுபிஐயில் அனுப்பி ரசீது வாங்குங்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பத்தில், பால் கணக்கு எழுதும் நாட்காட்டியிலேயே கட்டு மாற்றிய நாள், கொடுத்த தொகை, புண்ணின் அகலம் மூன்றையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்கள். எந்த மாதம் எவ்வளவு தேவைப்படும் என்று அந்த வீட்டில் யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. நீங்களும் அப்படி எழுதத் தொடங்குங்கள்.

புண் ஆறிய பிறகும் செலவு முடிந்துவிடாது. ஆறியவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடியும் புண் வருகிறது. ஆகவே ஆறிய மாதத்திலிருந்தே 3,000 ரூபாயைத் தொடர் வைப்பாக அப்பாவின் காலுக்கென்று போட்டு வாருங்கள். நீங்களும் கணவரும் இந்த மாதமே சர்க்கரை பரிசோதனை செய்து, உள்ளதை உள்ளபடி தெரிவித்து, உங்கள் மூவருக்குமான குடும்பக் காப்பீட்டை எடுத்துவிடுங்கள்.