சிகானோ இலக்கியம்: முறையீடு மட்டும்தானா?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் வாசிப்புக் குழுவில் சென்ற மாதம், அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினரான சிகானோக்களில் ஒருவரான சாண்ட்ரா சிஸ்னெரோஸின் 'மாங்கோ தெரு வீடு' பற்றிப் பேசினேன். ஆங்கிலத்தில் படித்தேன். சிகாகோவின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வளரும் எஸ்பெரான்சா என்ற சிறுமியின் நாட்களை ஒன்றிரண்டு பக்கத் துண்டுகளாகச் சொல்லும் புத்தகம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் முடித்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர், "பிழைக்கப் போன நாட்டில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்பவர்களின் எழுத்து இது. சிகானோ இலக்கியம் முழுவதும் அரசியல் முறையீடுதான். ஆங்கிலத்தையும் ஸ்பானிஷையும் கலந்து எழுதுவதால் மொழியழகும் கிடையாது" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வேறு யாரையும் நான் படித்ததில்லை. அவர் சொன்னது சரியா? இவர்களை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

அன்புடன்,
ம., திருச்சி

அன்புள்ள ம.,

உங்கள் குழுவின் மூத்தவர் மூன்று குற்றச்சாட்டுகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். முதலாவதற்கு வரலாறே பதில் சொல்லிவிடும்.

1848 பிப்ரவரி 2 அன்று குவாடலூப்பே இதால்கோ ஒப்பந்தம் கையெழுத்தானது. போரில் தோற்ற மெக்சிகோ தன் வடபகுதியை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. இன்றைய கலிபோர்னியா, நெவாடா, யூட்டா முழுவதும், அரிசோனா, நியூ மெக்சிகோ, கொலராடோ ஆகியவற்றின் பகுதிகளும் அதில் அடக்கம். அதற்கு முன்பே கைவிட்டுப் போயிருந்த டெக்சாஸுக்கு ரியோ கிராண்டே ஆறு எல்லையாயிற்று. அங்கே தலைமுறைகளாக விவசாயமும் மேய்ச்சலும் செய்துவந்தவர்கள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. நாடுதான் மாறியது. மெக்சிகோ அரசு கொடுத்திருந்த நிலப்பட்டாக்களை மதிப்பதாக ஒப்பந்தத்தில் இருந்த பத்தாவது பிரிவை அமெரிக்க செனட் நீக்கிவிட்டுத்தான் ஒப்புதல் அளித்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் வழக்கிலும் வரியிலும் மிரட்டலிலும் நிலங்கள் கைமாறின. நில உடைமையாளர்களாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே வயலில் கூலிகளானார்கள். பின்னால் வேலை தேடி எல்லை கடந்து வந்தவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. 1942 முதல் 1964 வரை பிரசேரோ திட்டத்தின்கீழ் அமெரிக்க அரசே ஒப்பந்தம் போட்டு மெக்சிகோ தொழிலாளர்களை அழைத்துவந்தது. 1960களில் இந்த இரு சாராரின் பிள்ளைகளும் சேர்ந்துதான் 'சிகானோ' என்று தங்களைப் பெருமையோடு அழைத்துக்கொண்டார்கள். 'பிழைக்கப் போனவர்கள்' என்ற ஒரே சொல்லில் இவர்களை அடக்க முடியாது.

இரண்டாவது குற்றச்சாட்டுதான் பேச வேண்டியது. அரசியல் முறையீடு. ஆம், அங்கிருந்துதான் நவீன சிகானோ எழுத்து வேகம் பிடித்தது. 1965இல் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லூயிஸ் வால்டெஸ் அந்த ஊரில் பிறந்தவர், பண்ணைத் தொழிலாளர் குடும்பம். அவர் போராட்டக்காரர்களைக் கூட்டி, 'முதலாளி', 'கருங்காலி', 'வேலைநிறுத்தக்காரன்' என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டி, பகலில் வயலோரம் நடந்ததை நடித்துக் காட்டச் சொன்னார். எழுதிய வசனம் கிடையாது. நாள் முழுவதும் யாரிடம் வசை வாங்கினார்களோ அவர்களாகவே மாறி நடித்தார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இப்படிப் பிறந்ததுதான் எல் தியாத்ரோ கம்பெசினோ என்ற நாடகக் குழு. லாரியின் திறந்த தளமே மேடை. 1979இல் அதே வால்டெஸின் 'ஸூட் சூட்' நாடகம் நியூயார்க்கின் பிராட்வே மேடை ஏறியது. சிகானோ நாடகம் ஒன்று அங்கே ஏறியது அதுவே முதல் முறை.

1967இல் டென்வர் நகரின் முன்னாள் குத்துச்சண்டை வீரர் ரொடோல்ஃபோ 'கோர்க்கி' கொன்சாலஸ் 'நான்தான் ஹோவாக்கின்' என்ற நெடுங்கவிதையை வெளியிட்டார். கூட்டங்களில் உரக்க வாசிக்கப்பட்ட கவிதை. தங்கள் வரலாற்றைப் பள்ளியில் கேட்டறியாத இளைஞர்களுக்கு அது மூதாதையர் பட்டியலைக் கொடுத்தது. அதன் பயனை நான் மதிக்கிறேன். கவிதையாக இன்று படிக்கும்போது அது என்னைத் தொடுவதில்லை. அதில் வீரர்கள் வரிசையாக வருகிறார்கள், பெண்கள் கறுப்பு முக்காட்டோடு ஓரத்தில் நிற்கிறார்கள். உங்கள் மூத்தவர் இதை மட்டும் படித்திருந்தால் அவர் கோபத்தில் ஓரளவு நியாயம் உண்டு. எதிரியை மட்டும் உற்றுப் பார்க்கும் எழுத்து அந்தப் போராட்டத்தோடு பழசாகிவிடும். தன் மக்களையும் அதே கண்ணால் பார்க்கும் எழுத்து நிற்கும். சிகானோ இலக்கியத்தில் இந்த இரண்டாவது வகை நிறைய இருக்கிறது. அதில் எனக்கு முதன்மையானவர் டொமாஸ் ரிவேரா.

ரிவேரா 1935இல் டெக்சாஸின் கிரிஸ்டல் சிட்டியில் பிறந்தார். பெற்றோர் பயிரைத் தொடர்ந்து போகும் கூலிகள். ஆண்டுதோறும் வடக்கே அயோவா, மினசோட்டா வரை லாரியில் போய்ப் பல மாதம் வேலை செய்து, குளிர்காலத்துக்கு ஊர் திரும்புவார்கள். அந்தப் பையன் பிற்காலத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1979இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்துக்கே தலைவரானார். 1984இல் 48 வயதில் இறந்துபோனார். அங்குள்ள நூலகம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு நாவல்தான் வெளியிட்டார். 1971இல் வந்த 'பூமி அவனை விழுங்கவில்லை'. 14 கதைகள், இடையிடையே சில வரிகளே கொண்ட 13 குறுந்துண்டுகள். சிதறிக் கிடப்பதுபோலத் தோன்றும் இந்த வடிவம் அந்த மக்களின் ஆண்டு சிதறிக் கிடந்ததிலிருந்து வந்தது. எந்த ஊரிலும் ஒரு கதை முடியும்வரை இருக்க அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அதில் ஒரு கதை. ஏப்ரலிலேயே வெயில் கொளுத்துகிறது. முதலாளி போதுமான தண்ணீர் கொண்டுவருவதில்லை. குழந்தைகள் மாட்டுத் தொட்டிக்குப் போய்க் குடிக்கிறார்கள். மணிக்கணக்கில் கூலி கொடுப்பதால், குடிக்கப் போகும் நேரம் வீணாவது அவருக்குப் பொறுக்கவில்லை. பயமுறுத்த ஒருமுறை சுடுகிறார். குண்டு ஒரு பையனின் தலையில் பாய்கிறது. தொட்டித் தண்ணீர் சிவப்பாகிறது. சாதாரண முறையீட்டு எழுத்து இங்கே அழ ஆரம்பித்திருக்கும். ரிவேரா இரண்டு பெயரில்லாத குரல்களைப் பேசவிடுகிறார். அந்த ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாமே, குடித்துப் பண்ணையையும் இழந்தாராமே, வழக்கில் விடுதலையானாராமே, இப்போது பிச்சைக்காரன்போல் இருக்கிறாராமே என்கிறது ஒன்று. கையில் காசில்லை, அதனால்தான் அப்படி இருக்கிறார் என்கிறது மற்றொன்று. அதுவும் சரிதான் என்று முடிந்துவிடுகிறது. செத்த பையனைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு சொல் இல்லை. முதலாளியின் கொடுமையைவிட இந்த வம்பளப்புதான் என்னை நிலைகுலையச் செய்தது. தன் மக்கள் எதற்கெல்லாம் பழகிப்போனார்கள் என்பதை அவர் ஒளிக்கவில்லை.

இன்னொரு கதையில் வெள்ளைக்கார முதலாளியே கிடையாது. கூலிகள் காசோடு ஊர் திரும்பும் காலம் பார்த்து சான் அன்டோனியோவிலிருந்து படம் விற்பவர்கள் வருகிறார்கள். வீட்டிலிருக்கும் புகைப்படத்தைக் கொடுத்தால் பெரிதாக்கி, ஆள் உயிரோடு நிற்பதுபோல் செய்துதருவதாகச் சொல்கிறார்கள். டோன் மத்தேயோவும் அவர் மனைவியும் கொரியப் போரிலிருந்து திரும்பாத மகனின் ஒரே புகைப்படத்தைக் கொடுக்கிறார்கள். வாரங்கள் போகின்றன. ஒரு மழைக்குப் பிறகு, குப்பை மேட்டருகே விளையாடும் குழந்தைகள் ஊறி அழிந்த புகைப்படங்கள் நிறைந்த சாக்கைக் கண்டெடுக்கிறார்கள். டோன் மத்தேயோ சான் அன்டோனியோவுக்கே போய் அந்த ஆளைப் பிடித்து, நினைவிலிருந்தாவது மகனின் முகத்தைச் செய்துகொடு என்று உட்காரவைக்கிறார். செய்துவந்த படத்தைக் கதைசொல்லியிடம் காட்டுகிறார். அவன் முகம் எனக்கு அவ்வளவாக நினைவில்லை, ஆனால் வரவர உங்களைப்போலவே ஆகிக்கொண்டிருந்தான் இல்லையா என்கிறான் அவன். சொந்த மொழி பேசி ஏமாற்றுகிறவர்களையும், அப்பாவின் முகத்தையே மகனுக்குப் பொருத்திக் கொடுத்துத் தப்பிக்கும் தந்திரத்தையும், அதோடு சமாதானமாகிவிடும் துக்கத்தையும் நாலைந்து பக்கத்தில் எழுதியவரை முறையீட்டுக்காரர் என்று எப்படிச் சொல்வது?

மொழிக் கலப்பு பற்றி ஒன்று சொல்கிறேன். ரிவேரா இந்த நாவலை முழுக்க ஸ்பானிஷில் எழுதினார். நீங்கள் படித்த சிஸ்னெரோஸின் புத்தகம் ஏறக்குறைய முழுக்க ஆங்கிலம். ரோலாண்டோ இனோஹோசா ஒரே கற்பனை மாவட்டத்தைப் பற்றிய நாவல் தொடரைச் சில நூல்களில் ஸ்பானிஷிலும் சில நூல்களில் ஆங்கிலத்திலும் எழுதினார். ஆக, கலந்து எழுதுவது எல்லோருக்கும் பொதுவான வழக்கமில்லை. துணிந்து கலந்தவர் குளோரியா அன்சால்டுவா. டெக்சாஸின் தென்கோடியில் வளர்ந்தவர். பள்ளி இடைவேளையில் ஸ்பானிஷ் பேசியதற்காக விரல் முட்டிகளில் அளவுகோலால் அடி வாங்கியதையும், கல்லூரியில் சிகானோ மாணவர்கள் எல்லோரும் உச்சரிப்பைத் 'திருத்தும்' இரண்டு வகுப்புகளைக் கட்டாயமாகப் படிக்க வேண்டியிருந்ததையும் 1987இல் வந்த 'எல்லை நிலங்கள்' நூலில் எழுதியிருக்கிறார். அதே நூலில் தான் பேசும் எட்டு வகை மொழிகளை வரிசைப்படுத்துகிறார். பக்கத்துக்குப் பக்கம் ஸ்பானிஷ் வரும், பல இடங்களில் பொருள் தரமாட்டார். அடிவாங்கிய குழந்தை பெரியவளாகி, இனி நீ என் பக்கம் கொஞ்சம் நடந்து வா என்று வாசகரிடம் கேட்கிறாள். அது முற்றிலும் நியாயம் என்றே நினைக்கிறேன். அன்சால்டுவா தன் சமூகத்தையும் விடவில்லை. பெண்ணை அடக்கியும், தன்னைப்போல் தற்பால் விருப்பம் கொண்டவர்களை ஒதுக்கியும் வைக்கும் அதன் பண்பாட்டின் மீது அவருக்குள்ள கோபம் வெள்ளையர் மீதுள்ள கோபத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை.

கவிஞர்களில் ஒருவரை மட்டும் குறிப்பிடுகிறேன். லோர்னா டீ செர்வாண்டெஸின் 1981 தொகுப்பு 'எம்ப்ளுமாடா'. அதில் நெடுஞ்சாலையின் நிழலில் உள்ள வீட்டைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. பாட்டி, அம்மா, மகள், மூன்று பேரும் பெண்கள். பாட்டி தன் கையால் கட்டிய வீடு அது. மகள் தன்னை அந்தக் குடும்பத்தின் எழுத்தர் என்கிறாள். அரசிடமிருந்து வரும் கடிதங்களையும், முறிந்த திருமணங்களின் அறிவிப்புகளையும், உதவித்தொகை நிபந்தனைகளையும் படித்துச் சொல்வது அவள் வேலை. பில் கட்டுவதும் ஒழுகுவதைச் சரிசெய்வதும் அவள்தான். கோர்க்கி கொன்சாலஸின் கவிதையில் ஓரத்தில் நின்ற பெண்கள் இங்கே வீடு கட்டுகிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள். 'மாங்கோ தெரு வீடு' நூலில் மாடியை விட்டு இறங்காமல் ஸ்பானிஷ் வானொலி கேட்டு அழும் தாயும், பெப்சி விளம்பரப் பாட்டை ஆங்கிலத்தில் பாட ஆரம்பிக்கும் அவள் குழந்தையும் நினைவிருக்கிறதா? செர்வாண்டெஸின் மகள் அந்தக் குழந்தைக்குச் சில வருடம் மூத்தவள் என்று எண்ணிக்கொண்டு படியுங்கள்.

இந்த எழுத்துக்கு ஆதரவு வெளியிலிருந்து வரவில்லை என்பதையும் உங்கள் குழுவில் சொல்லுங்கள். பெர்க்லியில் 1967இல் தொடங்கிய கின்தோ சோல் என்ற சிறு பதிப்பகம்தான் பரிசு அறிவித்து ரிவேரா, ருடோல்ஃபோ அனாயா, இனோஹோசா ஆகியோரை அடுத்தடுத்துக் கொண்டுவந்தது. சிஸ்னெரோஸின் நூலை 1984இல் முதலில் வெளியிட்டதும் ஹூஸ்டனின் அர்தே பூப்ளிகோ என்ற சிறு பதிப்பகமே. 2010இல் அரிசோனா கொண்டுவந்த சட்டத்தால் டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிகன் அமெரிக்கப் பாடத்திட்டம் 2012 ஜனவரியில் நிறுத்தப்பட்டது, அதன் புத்தகங்கள் வகுப்பறைகளிலிருந்து அகற்றப்பட்டன. அந்த மார்ச்சில் ஹூஸ்டனிலிருந்து எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் பஸ்ஸில் அந்தப் புத்தகங்களை டூசானுக்கு ஏற்றிப் போனார்கள். 2017இல் நீதிமன்றம் அந்தத் தடைக்குப் பின்னால் இனப்பகைமை இருந்தது என்று தீர்ப்பளித்தது. குறை சொல்வதற்குக் காரணம் இருப்பவர்கள் குறை சொல்வது இலக்கியக் குற்றமாகாது.

தொடக்கத்துக்கு ரிவேராவின் நாவல். ஸ்பானிஷும் ஆங்கிலமும் ஒரே நூலில் உள்ள இருமொழிப் பதிப்பாக வாங்குங்கள், ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். அடுத்து அனாயாவின் 'என்னை ஆசீர்வதியுங்கள், உல்திமா', 1972. நியூ மெக்சிகோச் சிற்றூரில் ஒரு சிறுவனும் மருத்துவச்சிக் கிழவியும். அவசரப்படாமல் படிக்க வேண்டிய நாவல். பிறகு செர்வாண்டெஸ், அன்சால்டுவா. அமெரிக்காவின் அரசவைக் கவிஞராக 2015இல் அமர்ந்த முதல் லத்தீனோவும் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) பண்ணைக் கூலிகளின் மகனுமான ஹுவான் ஃபெலிப்பே எரேராவை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

உங்கள் மூத்தவருக்கு ஒரு புத்தகம் கொண்டுபோய்க் கொடுங்கள். ரிச்சர்ட் ரொட்ரிகஸ் 1982இல் எழுதிய தன்வரலாறு, 'நினைவின் பசி'. இருமொழிக் கல்வியையும் இட ஒதுக்கீட்டையும் எதிர்த்ததற்காகச் சிகானோக்கள் பலர் இன்றும் அவரை மன்னிக்கவில்லை. அவர் முடிவுகளோடு எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் சாக்ரமெண்டோ வீட்டுக்குக் கன்னியாஸ்திரிகள் வந்து, பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டதையும், பெற்றோர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டதையும், அதன்பின் அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோனதையும் அவர் எழுதியிருக்கும் பக்கங்கள் மிக நேர்மையானவை. அந்த அத்தியாயத்தையும், அன்சால்டுவா தன் மொழிகளைப் பற்றி எழுதிய அத்தியாயத்தையும் ஒரே கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அவரும் மற்றொன்றை நீங்களும் வாசித்துப் பேசுங்கள். கூட்டம் முடிந்ததும் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.