எந்தப் பந்து என்பதை கிரீனில் இருந்து பாருங்கள்

கேள்வி: மூணாறில் எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன், ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 22. டிரைவர் என்ற நீள மட்டையில் பந்து 190 கெஜம் போகும். கேடிகள் (ஆட்டத்தில் பை தூக்கி வருபவர்கள்) தேயிலைக்குள் பொறுக்கி விற்கும் பந்துகளைத்தான் வாங்கி ஆடுகிறேன். ஒரு ஆட்டத்துக்கு நான்கு பந்தாவது தொலையும். கோயம்புத்தூரில் இருக்கும் மைத்துனர், "ப்ரோ வி ஒன் வாங்குங்க, ஆட்டமே மாறிடும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மைத்துனர் சொல்வது அருமையான பந்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாதாரண டூ பீஸ் (இரண்டடுக்கு) பந்தைப் போல அது இரண்டு மடங்குக்கு மேல் விலை. ஆட்டத்துக்கு நான்கைத் தொலைப்பவர் அதை டீயில் (முதல் அடிக்குப் பந்தை வைக்கும் சின்ன ஆணி) வைத்தால், கண் ஃபேர்வே என்ற நடுப் புல்பாதையைப் பார்க்காது, பக்கத்துத் தேயிலையைத்தான் பார்க்கும். கை இறுகிவிடும்.

அதற்காக இப்போதைய வழக்கமும் சரியென்று சொல்லமாட்டேன். ஒரு குழிக்கு ஒரு வகை, அடுத்த குழிக்கு வேறு வகை என்று ஆடும்போது, ஒரே மாதிரி அடித்த சிப் (குழிக்கு அருகிலிருந்து தட்டும் சின்ன அடி) ஒரு தடவை பக்கத்திலேயே நிற்கும், அடுத்த தடவை பத்தடி தாண்டி ஓடும். பந்து மாறியதை மறந்துவிட்டு நம் கையைக் குறை சொல்வோம், ஸ்விங்கைத் திருத்தப் போவோம். என்னிடம் பழக வருபவர்களில் பலர் இப்படித்தான் மாதக்கணக்கில் வீணாக்கியிருக்கிறார்கள். விலை உயர்ந்த பந்தை விட, எப்போதும் ஒரே பந்து என்பதுதான் உங்களுக்கு முதலில் தேவை.

எது அந்த ஒரே பந்து? பெட்டியில் 'அதிக தூரம்' என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, கிளம்பும் வேகத்துக்கும் வரம்பு உண்டு. அதனால் டிரைவரில் நல்ல பந்துகளுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது கடைசி அறுபது கெஜத்தில்.

காரணம் மேலுறை. டூ பீஸ் பந்தில் ஒரு ரப்பர் கருவும், அதன்மேல் அயனோமர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறையும் இருக்கும். லேசில் கிழியாது, சுழற்சி குறைவு. ஸ்லைஸ், அதாவது பந்தைப் பக்கவாட்டில் வளைத்து அடிப்பவருக்குப் பந்து கொஞ்சம் நேராகவும் போகும். கேலவே சூப்பர்சாஃப்ட், ஸ்ரிக்சன் சாஃப்ட் ஃபீல் எல்லாம் இந்த வகை. விலை கூடின பந்துகளில் கருவுக்கும் உறைக்கும் நடுவே இன்னொரு அடுக்கு வரும், உறை மென்மையான யூரித்தேனாக இருக்கும். வெட்ஜ் என்ற குறைந்த தூர மட்டையின் முகத்திலுள்ள கோடுகள் அந்த உறையைப் பிடித்துக்கொள்ளும், பந்து நன்றாகச் சுழன்று கிரீனில் (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) நிற்கும். ப்ரோ வி ஒன் இந்த ரகம். டெய்லர்மேட் டூர் ரெஸ்பான்ஸ், ஸ்ரிக்சன் கியூ ஸ்டார் டூர் இரண்டும் இதே யூரித்தேன் உறையோடு அதைவிடக் குறைந்த விலையில் வருபவை.

(மலையிறங்கினால் ரப்பர் தோட்டம் என்பதால் பலரும் இதைக் கேட்பார்கள்: இன்றைய கரு மரத்துப் பாலில் செய்வதல்ல, பாலிபியூட்டடீன் என்ற செயற்கை ரப்பர். 1898-இல் அமெரிக்காவில் ஹாஸ்கெல் கொண்டுவந்த பந்துதான் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றியது.)

"மட்டையை மெதுவாகச் சுற்றுபவர் மென்மையான பந்து வாங்கினால் தூரம் போகும்" என்றும் சொல்வார்கள். மென்மை கைக்குச் சுகம், அவ்வளவுதான். அதனாலேயே தூரம் கூடிவிடாது.

சரி, சோதனைக்கு வருவோம். ஒரு டூ பீஸ், ஒரு நடுத்தர விலை யூரித்தேன், இரண்டிலும் மூன்று மூன்று பந்து போதும். முழு டஜன் வேண்டாம், ஒவ்வொன்றிலும் மூன்று பந்து உள்ள ஒரு ஸ்லீவ் வாங்குங்கள். கிரீனில் இருந்து பின்னோக்கிப் போங்கள். முதலில் இருபதடி பட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி), சத்தமும் தொடுவதும் பிடிக்கிறதா என்று. பிறகு கிரீன் ஓரத்திலிருந்து சிப், அப்புறம் ஐம்பது கெஜத்தில் வெட்ஜ். ஒவ்வொரு பந்தும் விழுந்த இடத்திலிருந்து எத்தனை அடி ஓடியது என்று எண்ணி எழுதுங்கள். அதன் பிறகு ஏழாம் அயர்ன் மட்டை, டிரைவர் கடைசியில். ஒரே நாளில் முடிவெடுக்காமல், இரண்டு மூன்று நாள் செய்து பாருங்கள். வெட்ஜில் இரண்டுக்கும் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தால், யூரித்தேனுக்குக் காசு கொடுக்க உங்களுக்கு இன்னும் காரணமில்லை. உங்கள் நிலையில் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

இந்தச் சோதனையை மழையில் செய்யாதீர்கள். ஜூன் முதல் மூணாறு கிரீன் ஊறிக் கிடக்கும், எந்தப் பந்தும் விழுந்த இடத்தில் நிற்கும். நனைந்த புல் எல்லாப் பந்தின் சுழற்சியையும் குறைத்துவிடும். ஜனவரி காலைக் குளிரில் கரு விறைத்துத் தூரம் குறையும், அதனால் பையை ராத்திரி கார் டிக்கியில் விடாமல் வீட்டுக்குள் வையுங்கள். வேண்டுமென்றே பந்தைச் சூடாக்கி ஆடுவது விதிக்கு மாறு, அந்தப் பக்கம் போகாதீர்கள். இன்னொன்று, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இங்கே பந்து ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதலாகப் போகும். கடல் மட்டத்தை ஒட்டிய நெடும்பாசேரியில் போய் ஆடும்போது பத்து கெஜம் குறைந்தால் பந்தைத் திட்ட வேண்டாம்.

கேடிகளிடம் வாங்குவதை நிறுத்தச் சொல்லவில்லை, அவர்களுக்கும் அது வருமானம். நீங்கள் தேர்ந்தெடுத்த ரகத்தை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நகத்தில் தட்டும் கீறல் உள்ளதையும், மேலே புதுப் பெயின்ட் அடித்ததையும் விட்டுவிடுங்கள். பெயின்ட் பந்தின் மேலுள்ள சின்னக் குழிகளுக்குள் இறங்கினால் பந்து பறக்கும் விதமே மாறும். நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்ததும் வேண்டாம்.

மஞ்சள் நிறம் கிடைத்தால் அதையே எடுங்கள், மூணாறு மூடுபனியில் வெள்ளையை விடச் சீக்கிரம் கண்ணில் படும். 2019 முதல் விதிப்படி பந்து தேட மூன்று நிமிடம்தான். பேனாவால் உங்கள் அடையாளத்தையும் போட்டுவிடுங்கள். தொலைவது ஆட்டத்துக்கு ஒன்றாகக் குறைந்ததும், மைத்துனரிடம் மூன்று ப்ரோ வி ஒன் கடன் வாங்கி இதே சோதனையைத் திரும்பச் செய்து, ஓடிய அடிக்கணக்கை எனக்கு எழுதுங்கள்.