யாரை எதிர்த்தார்கள்?

கேள்வி: என் தாத்தா நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். இதைப் பெருமையாகச் சொன்ன என் மகனிடம் அவனுடைய சீன நண்பன், “உன் கொள்ளுத்தாத்தா ஜப்பான்காரன் பக்கம் நின்றவர். எதிர்த்துப் போராடியவர் என்று அவரை எப்படிச் சொல்லலாம்?” என்று கேட்டிருக்கிறான். ஜப்பானியரை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதானே? - ஒரு வாசகர், புக்கிட் பாஞ்சாங்

பதில்: உங்கள் தாத்தா எதிர்த்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நண்பன் கேட்டதும் நியாயம். “அவ்வளவுதானே” என்ற உங்கள் ஒரு சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் 40,000-க்கும் அதிகமான இந்தியச் சிப்பாய்களை ஆங்கிலேய அதிகாரி ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். யாருக்காகச் சண்டையிட்டார்களோ அவர்களே கைகழுவிவிட்டார்கள். ஆங்கிலேயரின் இந்தியப் படையில் கேப்டனாக இருந்த மோகன் சிங் அழைத்ததும் பல்லாயிரம் பேர் இந்தியாவின் விடுதலைக்காக இந்திய தேசிய இராணுவம் என்ற புதிய படையில் சேர்ந்தார்கள். எடுத்த சத்தியத்தை மீற மாட்டோம் என்று சேராமல் நின்றவர்களும் ஏராளம். அவர்களில் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர் நியூ கினிப் பக்கம் கூலிவேலைக்குக் கப்பலேற்றினார்கள். பசியிலும் நோயிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். மோகன் சிங்கும், ஜப்பானியர் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட மறுத்து, அந்த டிசம்பரிலேயே கைதானார். ஒரே திடலில் உட்கார்ந்திருந்த மனிதர்கள் இவர்கள் எல்லாரும். இவர்களில் யாரை எதிர்க்காதவர் என்று சொல்வீர்கள்?

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்தார். அக்டோபர் 21-ல் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். மறுநாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை. விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டி, கங்காணியின் ஏச்சுக்கும் துரையின் அதட்டலுக்கும் குனிந்தே பழகிய பெண், காற்சட்டை அணிந்து, துப்பாக்கி ஏந்தி, நிமிர்ந்து நடந்தாள். அவள் எதிர்த்தது இலண்டனை மட்டும் என்று நான் நம்பவில்லை. தன்னைக் குனியவைத்த அத்தனையையும் எதிர்த்தாள். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம்.

ஆனால் அதே தோட்டங்களிலிருந்துதான் ஜப்பானியர் நம் ஆட்களைச் சயாம் மரண ரயிலுக்கு அள்ளிச் சென்றார்கள். சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் பாதை. பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவே இல்லை. இங்கே சிங்கப்பூரில், நகரம் வீழ்ந்த சில நாட்களிலேயே ‘சூக் சிங்’ என்று சீன ஆண்களைப் பொறுக்கி எடுத்து, கடற்கரைகளில் நிறுத்திச் சுட்டார்கள். ஜப்பானியருக்கு எதிராக இரகசியமாக இயங்கிய ஆங்கிலேயரின் ஃபோர்ஸ் 136 படையைச் சேர்ந்த லிம் போ செங், சித்திரவதையிலும் தோழர்களைக் காட்டிக்கொடுக்காமல், 1944 ஜூன் 29 அன்று பத்து காஜா சிறையில் இறந்தார். உங்கள் மகனின் நண்பன் வீட்டில் அந்தக் கடற்கரைக்குப் போனவர் ஒருவர் இருந்திருக்கலாம். அவனிடம் போய் “பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்” என்றால் எடுபடாது. எடுபடவும் கூடாது. உங்கள் தாத்தாவுக்குத் தோள் கொடுத்த கைதான் அவன் குடும்பத்தின் கழுத்தை நெரித்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தால்தான் தாத்தாவின் பெருமை மதிப்புப் பெறும்.

பிள்ளைகள் இருவரையும் எஸ்பிளனேட் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். எண்கோண வடிவில், மூன்றடுக்கு வெண்கலக் கூரையும் நான்கு சிங்கங்களுமாக நிற்பது லிம் போ செங் நினைவகம். அதே பூங்காவில், இந்திய தேசிய இராணுவத்தின் நினைவுச்சின்னம் இருந்த இடத்தைக் காட்டும் பலகையும் இருக்கிறது. 1945 ஜூலை 8 அன்று போஸ் அடிக்கல் நாட்டிய சின்னம் அது; செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் முதல் வேலையாக அதைத் தகர்த்தார்கள். 1995-ல்தான் அங்கே பலகை வந்தது. ஒரே பூங்காவில் இரண்டுக்கும் இடம் கொடுத்ததில் சிங்கப்பூர் சரியாகவே நடந்துகொண்டது என்பது என் கருத்து.

இன்னொன்று. தாத்தா ஃபேரர் பார்க்கில் ஒப்படைக்கப்பட்ட சிப்பாயா, போஸின் பேச்சைக் கேட்டுச் சேர்ந்த தோட்டத்து இளைஞரா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டும் வெவ்வேறு கதைகள். அது தெரியாமல் உங்கள் மகன் நண்பனுக்குப் பதில் சொல்ல முடியாது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் ஜப்பானிய ஆட்சிக்காலத்தைப் பற்றித் தமிழிலேயே பேசியவர்கள் இருக்கிறார்கள்; மகனோடு உட்கார்ந்து கேளுங்கள். அதற்கு முன், தாத்தா பேசக் கேட்டு வளர்ந்தவர்கள் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால், இந்த வாரமே அவர்களைப் போய்ப் பாருங்கள்.