என் வக்கீல் விட்டுக்கொடுத்தது என்னைக் கட்டுப்படுத்துமா?

கேள்வி: எனக்கு 1986-இல் திருமணமானது. அம்மா 1998-இலும் அப்பா 2003-இலும் இறந்தார்கள். அப்பா வழியில் மூன்று ஏக்கர் பூர்வீக நஞ்சையும், அம்மா தன் பெயரில் கிரயம் வாங்கிய ஒரு வீடும் இருக்கின்றன. இரண்டு அண்ணன்களும் பங்கு தர மறுத்ததால் சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். மூன்று வாரங்களுக்கு முன், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்தது. நஞ்சையில் எனக்கு ஒன்பதில் ஒரு பங்கு, வீட்டில் எதுவும் இல்லை. ‘வாதியின் வழக்கறிஞர் செய்த கன்செஷனின்படி’ என்று தீர்ப்பில் இருக்கிறது. வக்கீலிடம் கேட்டால், “1989-க்கு முன் மணமான பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சமப் பங்கு கிடையாது. வீட்டை அம்மா உன் அண்ணன்களுக்கு வாய்மொழியாகக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். வழக்கு சீக்கிரம் முடியட்டும் என்று அதை வலியுறுத்தவில்லை எனச் சொன்னேன்” என்கிறார். அன்று நான் நீதிமன்றத்துக்குப் போகவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவும் இல்லை. இனி என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. அதை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்கிறேன். உங்கள் வழக்கு முடிந்துவிடவில்லை. ஆனால் மேல்முறையீட்டுக்கான நாள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பஸ் டிக்கெட்டில் தரும் சலுகைக்கும் தீர்ப்பில் நீங்கள் பார்த்த ‘கன்செஷனு’க்கும் தொடர்பில்லை. எதிர்த் தரப்பு சொல்வதை உங்கள் வக்கீல் ஒப்புக்கொண்டார், அல்லது உங்கள் கோரிக்கையில் ஒன்றைக் கைவிட்டார் என்று பொருள். உங்கள் வக்கீல் இரண்டையுமே செய்திருக்கிறார். இரண்டுக்கும் சட்டத்தில் விடை வேறு.

முதலில் நஞ்சை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் பங்கு தந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் மணமானவர்களை வெளியே நிறுத்தியது. உங்கள் வக்கீல் அங்கேயே நின்றுவிட்டார். 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்திய திருத்தத்தில் இந்தத் தடை கிடையாது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-இல் பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை அன்று உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பத்திரமோ விற்பனையோ இருந்தால் நிலைமை மாறும். அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

கணக்கைப் பாருங்கள். உங்களுக்குப் பிறப்புரிமை இல்லை என்றால் நஞ்சை அப்பாவுக்கும் இரண்டு மகன்களுக்குமாக மூன்றாகப் பிரியும். அப்பாவின் மூன்றில் ஒரு பங்கில் உங்களுக்கு மூன்றில் ஒன்று, அதாவது ஒன்பதில் ஒன்று, சுமார் 33 சென்ட். பிறப்புரிமை உண்டு என்றால் நான்காகப் பிரியும். உங்கள் கால் பங்கோடு அப்பாவின் கால் பங்கில் மூன்றில் ஒன்றும் சேர்ந்து மொத்தத்தில் மூன்றில் ஒன்று, அதாவது ஒரு முழு ஏக்கர். தவறான சட்டத்தை ஒப்புக்கொண்டதால் போனது 67 சென்ட் நஞ்சை.

சட்டம் இன்னது என்று வக்கீல் தவறாக ஒப்புக்கொண்டால் அது கட்சிக்காரரையும் கட்டுப்படுத்தாது, நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. இமாலயன் கூட்டுறவுக் குழு வீட்டுவசதிச் சங்கம் எதிர் பல்வான் சிங் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே நஞ்சையைப் பொறுத்தவரை உங்கள் மேல்முறையீடு வலுவானது.

வீடு இன்னும் கொஞ்சம் சிக்கலானது. நடந்த சம்பவங்களைப் பற்றி வக்கீல் ஐயத்துக்கு இடமின்றி ஒப்புக்கொண்டால், பொதுவாக அது கட்சிக்காரரைக் கட்டுப்படுத்தும். ஆனால் கட்சிக்காரரின் உரிமையையே கைவிட வக்கீலுக்குத் தெளிவான அதிகாரம் வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. நீங்கள் அப்படிச் சொல்லி அனுப்பவில்லை. அதனால் முதலில் வக்காலத்து நகலை, அதாவது உங்களுக்காக வழக்காட அவருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் நகலை, எடுத்துப் படியுங்கள். அச்சிட்ட வக்காலத்துப் படிவங்கள் பலவற்றில் ‘சமரசம் செய்ய, கைவிட’ என்ற வரி இருக்கும். படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அது இருந்தால் எதிர்த் தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். வக்கீலின் கையெழுத்தோடு சமரசம் செல்லும் என்று 1991-இல் பைரம் பெஸ்தோன்ஜி கரிவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் காட்டும். அங்கே எழுத்தில் ஒரு சமரசம் இருந்தது. உங்கள் வழக்கில் வாய்மொழிக் கூற்று மட்டுமே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23-ஆம் கட்டளை, 3-ஆம் விதிப்படி சமரசம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

வாய்மொழியாகக் கொடுத்தார் என்ற அண்ணன்களின் கதையும் நிற்காது. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்கப் பதிவான பத்திரமும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு. பத்திரம் இல்லையென்றால் அந்த வீட்டிலும் உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு.

‘சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்பாணை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96(3) பிரிவுப்படி மேல்முறையீடு கிடையாது’ என்று அண்ணன்கள் தரப்பு முதல் நாளே ஆட்சேபிக்கும். கையெழுத்திட்ட சமரச மனு இல்லை, இது சம்மதத் தீர்ப்பாணையே அல்ல என்பது உங்கள் பதில். அப்படியே கருதினாலும், சமரசத்தைப் பதிவு செய்ததே தவறு என்று மேல்முறையீட்டில் வாதிட அதே சட்டத்தின் 43-ஆம் கட்டளை, 1-ஏ விதி இடம் தருகிறது. வக்கீல் அப்படிச் சொல்லவே இல்லை என்று மட்டும் மனுவில் எழுதிவிடாதீர்கள். அவரே சொன்னதாக ஒப்புக்கொள்கிறார். தீர்ப்பில் பதிவான கூற்றை மறுப்பவர் நினைவு மாறுவதற்குள் அதே நீதிபதியிடம்தான் போக வேண்டும் என்பது 1982-இல் ராம்தாஸ் சீனிவாஸ் நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை என்பதே உங்கள் வாதம், அதற்கு உங்கள் பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள்.

மேல்முறையீடு மாவட்ட நீதிமன்றத்துக்கு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். எது என்பது வழக்கின் மதிப்பைப் பொறுத்தது. 30 நாள் என்றே வைத்துக்கொண்டு செயல்படுங்கள். தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டுக்கும் இன்றே நகல் மனு போடுங்கள். நகல் தயாராகும் நாள்கள் கணக்கில் சேராது, ஆனால் மனுப் போடாமல் கழிந்த நாள்கள் சேரும். சொத்தை அளந்து பிரித்துத் தரும் இறுதித் தீர்ப்பாணை வரும்வரை காத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல்நிலைத் தீர்ப்பாணையை எதிர்த்து மேல்முறையீடு செய்யாதவர், பிறகு இறுதித் தீர்ப்பாணையை எதிர்க்கும்போது முதல்நிலைத் தீர்ப்பாணையின் சரி தவறைக் கிளப்ப முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 97-ஆம் பிரிவு தடுக்கிறது. மேல்முறையீட்டோடு வீட்டை விற்கத் தடை கேட்டும் மனுப் போடுங்கள். இதற்கிடையே ‘தீர்ப்புப்படி கொடுக்கிறோம்’ என்று அண்ணன்கள் நீட்டும் எந்தப் பணத்தையும் வாங்காதீர்கள், எந்த ரசீதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீல் மீது நடவடிக்கை எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை மூடிவிட்டது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்கீழ் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் தரலாம். அதை மேல்முறையீடு தாக்கலான பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவரிடமிருந்து வழக்குக் கட்டைத் திரும்ப வாங்குங்கள். கட்டணப் பாக்கியைச் சொல்லி அவர் அதைப் பிடித்துவைக்க முடியாது, உச்ச நீதிமன்றம் 2000-லேயே இதைச் சொல்லிவிட்டது. புது வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. புது வக்காலத்தில் ‘கைவிட’ என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.